நீரிணைக்கு அடியில் ஒரு கைமாற்று

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இரவு, ஜொகூர் கடற்பாலத்தில் நெரிசல் கட்டுக்கடங்கவில்லை. மறுநாள் முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வரும் என்று முந்தைய நாள் இரவு அறிவிப்பு வந்திருந்தது. எல்லை மூடப்பட்டால் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மலேசியத் தொழிலாளர்கள், கையில் கிடைத்த துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, நள்ளிரவுக்குள் சிங்கப்பூர் மண்ணை மிதித்துவிட வேண்டும் என்று விரைந்தனர்.

அவர்களுள் மாசாய் வட்டாரத் தாமான் ஒன்றில் குடியிருக்கும் தமிழர் ஒருவரும் இருந்தார். உட்லண்ட்ஸில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பதினான்கு ஆண்டுகளாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புவது அவர் வழக்கம். மகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே என்று அவர் மனைவி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றிரவு, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் மகளிடம், "ரெண்டு வாரந்தாம்மா, அப்பா வந்துடுவேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். அவர் வீடு திரும்பியது 2021ஆம் ஆண்டு டிசம்பரில்.

இடையில் வழியே இல்லாமற் போகவில்லை. 2020 ஆகஸ்டு 17 முதல், மூன்று மாதம் தொடர்ந்து பணியாற்றியவர்கள் விடுப்பில் ஊர் வந்து செல்லலாம் என்னும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆனால் இருபுறமும் தனித்திருக்க வேண்டிய நாள்களையும் அதற்காகும் செலவையும் கூட்டிப் பார்த்தால், சேர்த்த பணம் முழுவதும் பயணத்திலேயே கரைந்துவிடும். ஆகவே அவர் அறையிலேயே தங்கிக்கொண்டு, மாதந்தோறும் பணத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

பள்ளிகள் மூடப்பட்டிருந்த அந்நாள்களில் ஆசிரியர்கள் புலனம் வழியாகவே பாடம் நடத்தினர். "எங்கள் ஊர்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஆசிரியை பணித்தபோது, அச்சிறுமி இவ்வாறு எழுதியிருந்தாள்: "எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் போகிறது. எரிவாயு போகிறது. மின்சாரமும் போகிறதாம், வருகிறதாம். என் அப்பா மட்டும் வரமுடியவில்லை." ஆசிரியை இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். கடைசி வாக்கியத்தின் கீழ் எதுவும் எழுதத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார்.

அச்சிறுமி எழுதியதில் பொருட்பிழை ஏதுமில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. எல்லை மூடப்பட்ட வேளையிலும் சரக்கு லாரிகள் செல்லத் தடையிருக்காது என்று இரு நாட்டுத் தலைவர்களும் பேசி உறுதி செய்துகொண்டனர். காய்கறி போயிற்று, முட்டை போயிற்று. ஜொகூர் ஆற்று நீர் குழாய்களில் ஓடிக்கொண்டேயிருந்தது. நாள்தோறும் மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடந்து வந்த ஓர் எல்லை, மனிதர்களுக்கு மட்டும் இருபது மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. ஆயினும் இரு நாட்டுக் கொடுக்கல் வாங்கலின் அடிநாதம் அறுபடவில்லை. அதனை அறுபடாமற் காத்தது எது? அன்பா? ஒப்பந்தமா? அல்லது வேறு வழியின்மையா?

அந்தக் கடற்பாலமே இவ்வினாவுக்கு முதற்சான்று. 1919இல் தொடங்கப்பெற்று, 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட 1,056 மீட்டர் நீளமுள்ள அவ்வழி, பெயரால் பாலமேயன்றி உண்மையில் நீரிணையின் குறுக்கே கருங்கல் கொட்டி உயர்த்திய மேடு. புக்கிட் தீமாவிலும் உபின் தீவிலும் உடைத்த பாறைகள் அதன் வயிற்றில் கிடக்கின்றன. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதன் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. ஜப்பானியர் வந்ததும் முதல் வேலையாக அதனைச் சீர்செய்தனர். பகைவராயினும் நண்பராயினும் அவ்வழியின்றி இவ்வட்டாரத்தில் யாருக்கும் காலம் தள்ள இயலாது போலும்!

1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. குடும்பம் பிரிந்தாலும் அடுப்பங்கரை உடனே பிரிந்துவிடுவதில்லை. பிரிவுக்குப் பின்னரும் சில காலம் இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்னும் மதிப்பில் இருபுறமும் செல்லுபடியாயின. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழக்கமும் முடிவுற்றது. கூட்டாக நடத்திய விமான நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே இரண்டாகியிருந்தது. பங்குச் சந்தையும் பிரிந்தது. பிரிக்கக்கூடியவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்ட காலம் அது. இந்தப் பின்னணியில்தான், 1985ஆம் ஆண்டில் புதிதாக ஒன்று இணைக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. அவ்வாண்டு இரு நாடுகளிலும் பொருளாதாரம் தேய்ந்திருந்தது. அவ்வாண்டில்தான் ஜொகூரின் பிளெந்தோங் மின்நிலையத்திலிருந்து நீரிணைக்கு அடியில், சிங்கப்பூரின் வடகரையை நோக்கி, 230 கிலோவோல்ட் அழுத்தமுள்ள மின்வடங்கள் இழுக்கப்பட்டன.

இம்மின்வடத்தின் இயல்பை மாணவர்கள் சற்றுப் பொறுமையாக அறிந்துகொள்ளுதல் நலம். மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் என்னும் அளவில் ஓடுகிறது. இரு மின்னமைப்புகளும் கடலடியில் இணைக்கப்பட்ட பிறகு, அவை ஒரே நாடித்துடிப்புடைய ஓருடலாகிவிடுகின்றன. தென்கரையில் ஒரு பெரும் மின்னாக்கி திடீரென நின்றுபோனால், அத்துடிப்பு ஒரு சிறிது தளர்கிறது. தளர்ந்த கணமே வடகரையின் மின்னாற்றல் அப்பக்கம் பாய்கிறது. யாரும் யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டுவதில்லை. அமைச்சர் கையொப்பம் வேண்டுவதில்லை. விசையை அழுத்தும் ஊழியர்கூட வேண்டுவதில்லை. வடகரையில் குறை நேர்ந்தால் தென்கரை இவ்வாறே உதவும். கேட்டுக் கொடுப்பதற்கு முன்பே கொடுத்து முடிந்துவிடும் உதவி இது.

இதற்குக் கணக்கு எவ்வாறு? இங்குத்தான் இம்மின்வடத்தின் பெருமை இருக்கிறது. இது விற்பனைக்கென இழுத்த கம்பியன்று. ஒரு பக்கம் பெற்ற மின்னலகுகளைப் பின்னர் மின்னலகுகளாகவே மறுபக்கத்துக்குத் திருப்பித் தந்து, நிகரக் கணக்கைச் சுழியத்தில் நிறுத்துவதே இதன் அடிப்படை ஏற்பாடு. பொருளியல் நூல்கள் இதற்கு என்ன பெயரிட்டாலும், தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இதன் பெயர் கைமாற்று.

லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறை இதனை நன்கறியும். சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில் அரிசி தீர்ந்துபோகும். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, "அத்தை, அம்மா ரெண்டு டின்னு அரிசி கேட்டாங்க" என்று சொல்லச் சொல்வார்கள். அளவை என்பது காலிப் பால்டின். அந்த அரிசிக்கு விலை பேசுவதில்லை, எழுதி வைப்பதுமில்லை. ஆனால் திருப்பித் தரும்போது தலைதட்டி அளந்து தருபவளை அந்த லயம் மதிக்காது, குவித்துத்தான் தருவார்கள். அடுத்தடுத்த வீட்டாரிடையே சண்டை வராமலில்லை. கோழி மேய்ந்ததற்கும், பிள்ளைகள் அடித்துக்கொண்டதற்கும், குழாயடி வரிசைக்கும் வாரந்தோறும் வாய்ச்சண்டை நடக்கும். எனினும் கைமாற்று நின்றதில்லை. சண்டையிட்ட மறுநாள் அரிசி கேட்க மட்டும் பெரியவர்கள் போகாமல், பிள்ளைகளை அனுப்புவார்கள். அவ்வளவே வேறுபாடு.

இரு நாடுகளும் அவ்வாறே சண்டையிட்டன. தண்ணீரே பெருஞ்சண்டை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலனுக்கு 50 காசு விலையில் வாங்கிக்கொள்ளலாம். இவ்வொப்பந்தம் 2061 வரை செல்லும். 25 ஆண்டுகளுக்குப் பின் விலையை மறு ஆய்வு செய்யலாம் என்று ஒரு விதி இருந்தது. 1987இல் அந்த வாய்ப்பு வந்தது; மலேசியா அதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவ்வுரிமை இன்னும் உண்டு என்று ஒரு தரப்பும், காலம் கடந்துவிட்டது என்று மறுதரப்பும் அதன்பின் வாதிட்டன. 2003இல் அவ்வாதங்கள் நாளிதழ் விளம்பரங்களாகவும் சிறு நூலாகவும் வீதிக்கு வந்தன.

மூன்று காசு என்பது நீதியா என்று கேட்டால், ஜொகூர்க்காரர் தலையாட்டி மறுப்பார். அணையும் சுத்திகரிப்பு நிலையமும் கட்டிய செலவைக் கணக்கிடுக என்று சிங்கப்பூர்க்காரர் சொல்வார். இருவரும் முழுப் பொய் சொல்லவில்லை. 99 ஆண்டுக்கு ஒரு விலையைக் கல்லில் செதுக்கியதே இதன் குறை. அசையாத விலை யாருக்கும் நன்மை செய்யவில்லை. விற்றவர் ஏமாந்ததாகக் கருதி மனம் புழுங்கினர். வாங்கியவரோ நாளை என்னாகுமோ என்று அஞ்சி, கழிவுநீரைத் தூய்மையாக்கியும் கடல்நீரை நன்னீராக்கியும் தம் சொந்த வழியைத் தேடினர். 2003இல் சிங்கப்பூரில் புதுநீர் வழங்கலுக்கு வந்ததும், 2005இல் துவாஸில் கடல்நீர் ஆலை திறக்கப்பட்டதும் அறிவியல் வெற்றிகளே. ஆயினும் அவற்றின் வேரில் அண்டை வீட்டார்மீது கொண்ட ஐயமும் கலந்திருந்தது என்று சொன்னால் அது குற்றமாகாது.

எரிவாயுவின் கதை இவ்வளவு கசப்பில்லாதது. திரெங்கானுக் கடலில் எடுத்துக் கெர்த்தேயில் பக்குவப்படுத்திய எரிவாயு, தீபகற்பத்தின் நெடுங்குழாய் வழியே தெற்கு நோக்கி வந்து, 1992இல் சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையத்தைச் சென்றடைந்தது. பெட்ரோனாஸ் விற்றது, சிங்கப்பூர் வாங்கியது. உரிய காலத்துக்கு உரிய விலை என்று எழுதப்பட்ட வணிகம். பின்னர் இந்தோனேசிய எரிவாயுவும், 2013 முதல் கப்பலில் வரும் நீர்ம எரிவாயுவும் சேர்ந்துகொண்டன. இன்று அத்தீவின் மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எரிவாயுவிலிருந்தே பிறக்கிறது.

கோழியையும் இங்கே மறந்துவிட முடியாது. 2022 ஜூன் 1ஆம் நாள், உள்நாட்டில் விலை ஏறியதால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கலங்கிப் போயினர். சில திங்களுக்குப் பின் அத்தடை நீங்கியது. ஒரு நாடு தன் குடிமக்களின் சட்டியை முதலில் கவனிப்பது இயற்கை. ஆயினும் நேற்று வரை வந்துகொண்டிருந்த பொருள் நாளை வாராது என்னும் அச்சம் வாங்குவோர் மனத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு அவர் உறைந்த கோழிக்கு வேறு நாட்டைத் தேடத்தான் செய்வார். வியப்பு யாதெனில், கோழி நின்ற அதே ஜூன் மாதத்தின் 23ஆம் நாள்தான், லாவோஸின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் அளவு வரை, தாய்லாந்தையும் மலேசியாவையும் கடந்து, பிளெந்தோங் வழியாகச் சிங்கப்பூருக்குச் செல்லத் தொடங்கியது. பழைய கைமாற்றுக் கம்பி அன்றுமுதல் சரக்கு சுமக்கும் கம்பியும் ஆயிற்று.

இவ்விடத்தில்தான் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி தொடங்குகிறது. 2021 அக்டோபரில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் ஆக்கிய மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்பதற்கு மலேசியா தடை விதித்திருந்தது. 2023 மே மாதத்தில் ஏற்றுமதித் தடையை நீக்கியது. 2024இல் அத்தகைய மின்சாரத்தை எல்லை கடந்து விற்பதற்கென ஒரு சந்தை அமைப்பை ஏற்படுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் தெனாகா நேஷனல் 50 மெகாவாட் பசுமை மின்சாரத்தைச் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்கத் தொடங்கியது. ஏறத்தாழ 8,000 மெகாவாட் உச்சத் தேவையுடைய ஒரு தீவுக்கு 50 மெகாவாட் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆயினும் 2035ஆம் ஆண்டுக்குள் 6,000 மெகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளியிலிருந்து பெற விரும்பும் அத்தீவு, இச்சோளப்பொரியை ஒரு தொடக்கமாகவே கருதுகிறது.

லயத்தில் அரிசி கொடுத்த வீடு ஒருநாள் அரிசிக்கடை வைத்துவிட்டது என்று கொள்க. கடை வைப்பதில் தவறில்லை. பக்கத்து வீட்டாரும் காசு கொடுத்து வாங்க அணியமாகவே இருக்கின்றனர். ஆனால் அன்றுமுதல் ஓர் ஐயம் எழும்: அவசரத்துக்குக் கேட்கும் இரண்டு டின் அரிசி கைமாற்றா, விற்பனையா? இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் உறவும் கெடும், வணிகமும் கெடும். ஆதலால் 1985ஆம் ஆண்டின் கைமாற்றை, விலை பேசாத உதவியாகவே தனியாக நிறுத்திவைத்தல் வேண்டும். விற்பனைக்கு உரியதை விற்பனையாகவே எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதும்போது, தண்ணீர் கற்பித்த பாடத்தையும் மறத்தலாகாது. விலை சில ஆண்டுக்கொருமுறை தானாக மறு ஆய்வுக்கு வரவேண்டும். எவரேனும் நினைவூட்டினால்தான் வரும் என்றிருந்தால் 1987 மீண்டும் நிகழும். ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழியும் அதிலேயே இருத்தல் வேண்டும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே திட்டமிட்ட அதிவேக இரயில் கைவிடப்பட்டபோது, மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழப்பீடாகக் கொடுத்தது. வலித்தது மெய். ஆயினும் அந்தத் தொகையோடு வழக்கு முடிந்தது. தண்ணீரைப் போலத் தலைமுறைக்கு நீளவில்லை.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. முன்பு மின்சாரத்துக்குப் பசித்தது தென்கரை மட்டுமே. சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்திவைத்ததும், அம்மையங்கள் பல பாலத்தைத் தாண்டி ஜொகூரில் வந்து அமர்ந்தன. ஒரு காலத்தில் செம்பனையும் இரப்பரும் நின்ற நிலங்களில் இன்று சன்னலில்லாத பெருங்கட்டடங்கள் இரவும் பகலும் மின்சாரத்தையும் நீரையும் உண்கின்றன. நாளை, "எனக்கே போதவில்லை" என்று வடகரை சொல்லும் நாள் வரலாம். அதற்கு முன்பே சூரிய ஒளித் தகடுகளும் புதிய மின்வடங்களும் பெருகாவிட்டால், கைமாற்றுக்கும் வழியிராது, கடைக்கும் சரக்கிராது.

2025 ஜனவரி 7ஆம் நாள், ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் புத்ராஜெயாவில் கையெழுத்தானது. மண்டலத்தின் பரப்பு 3,571 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் நாலு மடங்குக்கு மேல். முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு. நீர், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி இவ்வளவு பேசும் அறிஞர் பெருமக்கள், இவ்விரு நாடுகளுக்கிடையே நெடுங்காலமாக ஏற்றுமதியாகிவரும் இன்னோர் ஆற்றலைக் கணக்கில் எழுத மறந்துவிடுகின்றனர். விடியற்காலை நான்கு மணிக்குப் பாலத்தில் ஊர்ந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களின் மேல் அமர்ந்திருக்கும் ஆற்றல் அது. அது நாள்தோறும் போகிறது; இரவில் களைத்துத் திரும்பி வருகிறது. 2020இல் திரும்பி வராமல் நின்றுபோனதும் அதுவே.

தந்தை திரும்பிய நாளில், லார்க்கின் பேருந்து நிலையத்தில் தாயும் மகளும் காத்திருந்தனர். ஆறாம் ஆண்டுப் பள்ளி வாழ்வை முடிக்கும் வளர்த்தியில் இருந்த மகளை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குச் சற்று நேரமாயிற்று. "என்னம்மா, அம்மா உயரத்துக்கு வந்துட்ட" என்றார். வீட்டுக்குச் செல்லும் வழியில், பிளெந்தோங் பக்கம் வானில் வரிசையாகத் தெரிந்த உயர்மின் கோபுரங்களை அவள் காட்டி, தான் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று அவர் கேட்டார். ஆசிரியை மதிப்பெண் போடவில்லை என்றாள்.

அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். புதிய மண்டலத்தில் இயந்திரப் பழுது பார்ப்போர் தேவை என்று கேள்விப்பட்டு, தந்தை ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு ஜொகூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு நேர்முகத்துக்குச் சென்று வந்தார். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவு. மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். சம்பளம் எவ்வளவு என்று மனைவி கேட்டார். அவர் சொன்னார். 1973க்கு முன்பு ஒன்றுக்கு ஒன்றாக இருந்த வெள்ளி, இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. மனைவி விரல்விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் சோற்றை எடுத்து வைத்தார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.